வழக்கிலிருந்து விலக்கி வழிகாட்டுதல்: சிறாருக்கான மாற்றுப் பாதை பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் பள்ளிப் பருவத்துப் பிள்ளை ஒருவன் காவல் நிலையம் வரை போய்விட்டான் என்ற செய்தி பரவினால், அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு விதமான பேச்சுகள் காதில் விழும். "பதினெட்டு வயசு ஆகலைல, என்ன செஞ்சாலும் விட்டுருவாங்க" என்பது ஒன்று. "கேஸ் ஆயிருச்சு, இனி அவன் படிப்பும் போச்சு, பொழப்பும் போச்சு" என்பது மற்றொன்று. ஒரே திண்ணையில், சில வேளைகளில் ஒரே வாயிலிருந்து, இரண்டும் வருவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டுமே தவறானவை. விட்டுவிடுவதற்கும் வாழ்க்கையே முடிந்துபோவதற்கும் நடுவில் சட்டம் ஒரு பாதையை வைத்திருக்கிறது. அந்தப் பாதையைப் பற்றி நம் ஊர்களில் அரைகுறையாகப் பேசப்படுவதால் நஷ்டப்படுகிறவர்கள், பெரும்பாலும், ஒருநாள் கூலியை இழந்துவிட்டு நீதிமன்ற வராந்தாவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்களே. அவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாகப் போகிறவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவோம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கோபத்தில் கல்லெறிந்து வகுப்பறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம். மூன்றாவதாக, பையனின் தகப்பனாரை வரச்சொல்லி, ஏன் எறிந்தான் என்று உட்கார்ந்து விசாரித்து, கண்ணாடி மாற்றும் நாளில் ஆசாரிக்கு அவனையே கூடமாட நிற்க வைத்து, அடுத்த சில வாரங்கள் அவன் மீது ஒரு கண் வைத்திருக்க ஓர் ஆசிரியரிடம் சொல்லலாம்.

நல்ல தலைமையாசிரியர்கள் மூன்றாவதைத்தான் செய்வார்கள். அதில் கண்டிப்பும் உண்டு, ஏனென்றால் பையன் தான் செய்ததற்குப் பதில் சொல்கிறான், உடைந்ததைச் சரிசெய்கிறான். ஆனாலும் அவன் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படவில்லை. சட்டத்தில் இதே வேலையைச் செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் வழிமாற்றம் என்று பெயர். குற்றம் சாட்டப்பட்ட சிறுவனையோ சிறுமியையோ முறையான நீதிமன்ற நடவடிக்கைக்குள் முழுவதுமாக இழுக்காமல், ஆலோசனை, சமூகப் பணி, குடும்பத்தோடு பேசித் தீர்த்தல், தொடர் கண்காணிப்பு போன்றவற்றுக்குத் திருப்பிவிடுவதே வழிமாற்றம். அப்படித் திருப்பிவிடப்பட்ட பிள்ளை போய்ச் சேரும் ஆலோசனை வகுப்பு, சேவைப் பணி, வழிகாட்டிக் குழு ஆகியவற்றை வழிமாற்றுத் திட்டங்கள் என்கிறோம்.

திருப்பிவிட்ட தண்ணீருக்கு வாய்க்கால் வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்குத் திருப்பிவிடுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895-இல் கிழக்கே அனுப்பினார்கள். நம் வயல்களில் இரண்டு போகம் விளைவது அந்தத் திருப்பத்தால்தான். ஆனால் அணை மட்டும் கட்டி, சுரங்கமும் வாய்க்காலும் வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தண்ணீர் தேங்கி, வழிந்து, மறுபடியும் பழைய பள்ளத்திலேயே ஓடியிருக்கும்.

வழிமாற்றத்திலும் இதுவே முக்கியமான செய்தி. "வழக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்புவது பாதி வேலை. அந்தப் பிள்ளை போய்ச் சேர ஓர் இடம், பேச ஓர் ஆள், திரும்பிச் செல்ல ஒரு வகுப்பறை இவையெல்லாம் இருந்தால்தான் மறு பாதி நடக்கும். திட்டம் இல்லாத வழிமாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் மக்கள் "விட்டுவிட்டார்கள்" என்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். வழிமாற்றத்தில் பிள்ளை தன் செயலுக்குப் பதில் சொல்கிறான். பதில் சொல்லும் இடம் நீதிமன்றக் கூண்டாக இருக்க வேண்டியதில்லை. இருக்கும் இடம் எதுவானாலும் அங்கே அவனுக்காக ஏதாவது நடக்க வேண்டும்.

ஏலத்தோட்டத்தில் ஒரு காலை

நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்து ஜீப்புகள் வரிசையாகக் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் தூக்குவாளி. பள்ளி விடுமுறை என்பதால் அப்படி ஒரு ஜீப்பில் ஓர் அம்மாவோடு அவருடைய பதினைந்து வயது மகனும் போகிறான். மாலையில் தோட்டத்துப் பாதையோரம் வைத்திருந்த சாக்கிலிருந்து இரண்டு கிலோ பச்சைக் காயை அள்ளித் துண்டில் முடிந்து புதரில் ஒளிக்கிறான். மேற்பார்வையாளர் பார்த்துவிடுகிறார். செய்தி காவல் நிலையத்துக்குப் போகிறது. இந்தப் பையனுக்கு நான் பெயர் வைக்கவில்லை. அதன் காரணம் சற்றுப் பின்னால் வரும்.

இப்போது என்ன நடக்க வேண்டும்? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத எவரும் அந்தச் சட்டத்தின்படி குழந்தைதான். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தையைக் குற்றவாளி என்று அந்தச் சட்டம் எங்கும் அழைப்பதில்லை, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை என்றே குறிப்பிடுகிறது. வெறும் மரியாதைச் சொல்லாக இதை எண்ணிவிடக் கூடாது. முரண்பாடு என்பது தீரக்கூடியது என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு வரை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ளவை கொடிய குற்றங்கள். நடுவில் இருப்பவை கடுமையான குற்றங்கள். நம் பையன் செய்தது சாதாரணத் திருட்டு, அதற்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆகவே சிறு குற்றம்.

இந்தியச் சட்டத்தில் திருப்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன

மலைப்பாதையில் ஒரே ஒரு வளைவு இருப்பதில்லை. அதுபோலவே நம் சட்டத்திலும் வழிமாற்றம் ஒரே இடத்தில், ஒரே தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கவில்லை. சட்டத்தின் மூன்றாவது பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகாமல் குழந்தைகளைக் கையாளும் முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தக் கொள்கை செயலாக மாறும் இடங்கள் சட்டத்திலும் விதிகளிலும் பரவிக் கிடக்கின்றன.

முதல் திருப்பம் காவல் நிலையத்திலேயே வருகிறது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ தவிர, குழந்தை மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது. எஃப்.ஐ.ஆர். என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்குப் பதிலாக நிலையத்தின் பொது நாட்குறிப்பில் தகவலை எழுதி, குழந்தையின் குடும்பச் சூழல், படிப்பு, நட்பு ஆகியவற்றைச் சொல்லும் சமூகப் பின்னணி அறிக்கையோடு அனுப்ப வேண்டும். குழந்தையைப் பிடித்து வைப்பதும் பொதுவாகக் கொடிய குற்றங்களுக்கு மட்டுமே. மற்றவற்றில் பெற்றோருக்குத் தகவல் சொல்லி, எந்த நாளில் வர வேண்டும் என்று தெரிவித்தால் போதும். இந்த வேலைக்கென்று ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு அடுத்த கீழ்நிலையிலுள்ள துணை உதவி ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) அளவுக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். பிடித்தே ஆக வேண்டிய நிலையிலும் லாக்கப்பில் அடைக்கக் கூடாது, விலங்கு பூட்டக் கூடாது, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

இளைஞர் நீதிக் குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்த அமைப்பு. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மூவரும் குழந்தையோடு சாதாரணமாகப் பேசும்படியாக அந்த அறை அமைந்திருக்க வேண்டும் என்பது விதிகளின் எதிர்பார்ப்பு. இரண்டாவது திருப்பம் இங்கே வருகிறது. சிறு குற்றமாக இருந்தால், குழந்தை முதல் முறை வரும்போதே ஆவணங்களைப் பார்த்துக் குழுமம் விஷயத்தை முடித்துவைக்கலாம். அப்படி முடியாவிட்டால் சுருக்கமான விசாரணை நடக்கும். அதற்கும் நான்கு மாதக் கெடு உண்டு, மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். சிறு குற்றத்தில் அதற்குள்ளும் முடியவில்லை என்றால் நடவடிக்கையே முற்றுப்பெற்றுவிடும்.

மூன்றாவது திருப்பம் ஜாமீன். பெரியவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் குழந்தையை ஜாமீனிலோ நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ விட வேண்டும் என்பதே விதி. தீயவர்களின் கூட்டில் சேர்ந்துவிடுவான், ஆபத்துக்கு உள்ளாவான், அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். நன்னடத்தை அலுவலர் என்பவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் போய் விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை தருகிறவர், பின்னால் பிள்ளையைத் தொடர்ந்து பார்த்துவருகிறவரும் அவரே. இந்த அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் ஒரு பிள்ளையின் பாதை அமைகிறது. அதனால் அவர் வீட்டுக்கு வரும் நாளில் தாய் வேலைக்குப் போய்விடாமல் இருப்பது நல்லது.

கடைசித் திருப்பம் தீர்ப்பில். குற்றம் செய்தான் என்று தெரிந்த பிறகும் அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூகப் பணி செய்யச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம், பெற்றோர் பொறுப்பில் மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். குற்றம் செய்ததாக முடிவான பிள்ளைகளைத் தங்க வைத்துச் சீர்திருத்தும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் முடிவு. விசாரணை நடக்கும் காலத்தில் தங்க வைக்கும் கூர்நோக்கு இல்லத்தை ஊரில் பலரும் சிறுவர் ஜெயில் என்றே சொல்கிறார்கள். கூர்ந்து நோக்கும் இடம் என்ற பொருளில் அமைந்த அந்த நல்ல தமிழ்ச் சொல்லை நாம் அப்படிச் சிதைப்பது, அங்கே சில வாரம் இருந்துவிட்டு வரும் பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்துவதற்குச் சமம்.

சுருங்கச் சொன்னால், காவல் நிலையம், குழுமத்தின் முதல் அமர்வு, ஜாமீன், இறுதி ஆணை என நான்கு இடங்களில் பிள்ளையைச் சிறைப் பாதையிலிருந்து விலக்க முடியும். கண்டிப்பாகப் பார்த்தால் முதல் இரண்டைத்தான் வழிமாற்றம் என்று சொல்ல வேண்டும். மற்ற இரண்டும் அதே எண்ணத்தின் தொடர்ச்சி.

ஏன் விலக்க வேண்டும்

பதின்ம வயதில் சிறு தவறு செய்கிறவர்களில் பெரும்பாலோர், யாரும் தண்டிக்காமலேயே, வயது ஏற ஏற அதை விட்டுவிடுகிறார்கள். பின்விளைவை எடைபோட்டு ஆசையை அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த இடைக்காலத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரித்து, தன்னைவிடப் பெரிய தவறுகளில் பழகியவர்களோடு வைத்து, திருடன் என்ற பெயரையும் கொடுத்தால், தானாக விட்டிருக்கக் கூடியதை அவன் தொழிலாகக் கற்றுக்கொள்ள நாமே வாய்ப்பளிக்கிறோம். ஆந்தனி பெட்ரோசினோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2010-இல் 29 பரிசோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 7,300 சிறார்களின் விவரங்கள் இருந்தன. முறையான வழக்கு நடவடிக்கை பிற்காலக் குற்றங்களைக் குறைக்கவில்லை என்பதும், சராசரியில் சற்றுக் கூட்டியதாகவே தெரிகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியைக் கடுமையான தண்டனைக்கு ஆதரவாகச் சொல்கிறவர்கள் உண்டு. பழமொழி வளைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது, ஒடிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

1989-இல் நியூசிலாந்து கொண்டுவந்த சட்டம் இதில் ஒரு படி மேலே போனது. அங்கே பிள்ளை, அவன் உறவினர், பாதிக்கப்பட்டவர், காவலர் ஆகியோர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, நடந்ததைப் பேசி, என்ன செய்து ஈடுகட்டுவது என்று திட்டம் போடுகிறார்கள். குடும்பக் கூட்டம் என்னும் இந்த முறை அந்நாட்டுப் பழங்குடிகளான மவோரி மக்களின் வழக்கத்திலிருந்து வந்தது. பாதிக்கப்பட்டவரும் அங்கே பேசலாம் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நம் கதையில் தோட்டக்காரரின் இழப்பும் உண்மையானதுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்பதும், காயைத் திருப்பிக் கொடுப்பதும் இல்லாத வழிமாற்றம் அரைகுறையாகவே இருக்கும்.

கட்டப்பஞ்சாயத்து வழிமாற்றம் ஆகாது

இதைப் படித்துவிட்டு, "எங்க ஊருல இது எப்பவும் நடக்குறதுதானே, நாலு பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிருவோம்" என்று சிலர் சொல்லக்கூடும். கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. நாலு பேர் முன்னால் பையனை முட்டி போட வைத்து, தாயிடம் இரண்டு மாதக் கூலியை அபராதமாக வாங்கி, எழுத்தில் எதுவுமே இல்லாமல் முடித்துவிடுவது வழிமாற்றம் ஆகாது. வழிமாற்றத்தில் பிள்ளையும் பெற்றோரும் விருப்பத்தோடு சம்மதிக்க வேண்டும். மறுத்தால் அவனைத் தண்டிக்கக் கூடாது. வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் உண்மையிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்ற பயத்தில், செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு திட்டம் இருக்கிறது என்பதற்காகவே, முன்பு ஒரு அதட்டலோடு அனுப்பப்பட்டிருக்கக் கூடிய பிள்ளைகளையெல்லாம் அதற்குள் சேர்ப்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. இதை வலை விரிதல் என்பார்கள். வழக்குக்குப் போகவிருந்த பிள்ளையை வெளியே எடுப்பதே திட்டத்தின் நோக்கம், வெளியே நின்ற பிள்ளையை உள்ளே இழுக்கும்போது அது தலைகீழாகிவிடுகிறது.

யாருக்கு இது பொருந்தாது

கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடிய குற்றங்களுக்கு இந்தப் பாதை இல்லை. பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவர் மீது அத்தகைய குற்றச்சாட்டு இருந்தால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்து, அவரை வயது வந்தவரைப் போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஆகவே "என்ன செஞ்சாலும் விட்டுருவாங்க" என்பது சட்டப்படியே பொய்.

எல்லைப்புற ஊர்களில் இன்னொரு வகையை மறக்கக் கூடாது. கஞ்சாப் பொட்டலத்தைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோக, சந்தேகம் வராது என்பதற்காகவே பிள்ளைகளைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தின் 78-ஆவது பிரிவு அப்படிப் பயன்படுத்துகிறவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பையின் கனம் மட்டும் தெரிந்த பிள்ளையைப் பிடித்துவிட்டு, பையைக் கொடுத்தவனைத் தேடாமல் விடுவது பெரிய அநியாயம்.

பெயர் ஏன் சொல்லவில்லை

நம் கதைப் பையனுக்குப் பெயர் வைக்காததற்குக் காரணம் 74-ஆவது பிரிவு. சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவில் "இவன்தான் அந்தத் திருடன்" என்று படத்தை அனுப்புகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்த பின் ஆவணங்களை அழிக்க வேண்டும் என்றும், அந்தப் பழைய விஷயத்தால் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவு வரக் கூடாது என்றும் 24-ஆவது பிரிவு சொல்கிறது. வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டுக் கொடிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு.

எல்லை தாண்டிய பிறகு

பையனின் வீடு தேனி மாவட்டத்தில் இருக்கிறது, சம்பவம் நடந்ததோ இடுக்கி மாவட்டத்தில். யார் விசாரிப்பது? சம்பவம் நடந்த இடத்துக்குரிய குழுமமே விசாரிக்கும். சொந்த ஊருக்கு மாற்றுவதற்கு 95-ஆவது பிரிவு வழி செய்கிறது, ஆனால் சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையின் விஷயத்தில் விசாரணை முடிந்து இறுதி ஆணை வந்த பிறகே அந்த மாற்றம் நடக்கும். அதுவரை கேரளத்தில்தான் ஆஜராக வேண்டும். மலையாளத்தில் பேசுவது நமக்கு ஓரளவு புரிந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் சந்தையில் பேரம் பேசப் போதுமான மொழி, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எழுதும் அறிக்கைக்குப் போதாது. புரியாத மொழியில் நடக்கும் நடவடிக்கையில் குழந்தைக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று, இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40-ஆவது பிரிவு சொல்கிறது. கேட்கத் தயங்க வேண்டாம்.

கேரளத்தில் 2016-இல் தொடங்கிய ஒரு திட்டத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டிலும் ஊரிலும் வைத்தே மனநல ஆதரவும் வழிகாட்டலும் தருவது அதன் வேலை. அதன் பெயர் "காவல்". நம் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் காக்கிச் சட்டையும் கம்பிக் கதவும்தான் கண்ணில் படும். பயிரைக் காக்கக் களத்துமேட்டில் இரவு முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருப்பதற்கும் அதே சொல்லைத்தான் நாம் சொல்லிவந்தோம், அந்தத் திட்டமும் இந்தப் பொருளில்தான் பெயரை எடுத்திருக்கிறது.

அந்த அம்மா குழுமத்துக்குப் போகும் நாளில் கையில் கொண்டுபோக வேண்டியவை: வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ், பையன் தொடர்ந்து படிக்கிறான் என்று தலைமையாசிரியர் எழுதிய கடிதம், முடிந்தால் அந்தப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர். வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்று கலங்க வேண்டாம், குழந்தைகளுக்கு வருமான வரம்பே பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தையும் அழைக்கலாம். உள்ளே போனதும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: என் பிள்ளை மீது எழுதியிருப்பது எந்தப் பிரிவு, அது சிறு குற்றமா, இன்றைக்கே முடித்துவைக்க முடியுமா. மூன்றையும் தமிழிலேயே கேட்கலாம்.